அர்ச்சுனனுக்குச் சாமி வந்த காலை

பேச்சியம்மாளைப் பகைத்துக்கொண்டு மலேசியாவின் பெக்கான் நானாஸ் ஊரில் நிம்மதியாக இருந்தவர் என்று ஒருவரையும் காட்ட முடியாது. மூன்றாம் வகுப்பில் தன் அழிப்பானை எடுத்து ஒளித்துவைத்தவளின் கல்யாணத்துக்கு அவள் போகவில்லை. அந்தப் பெண்ணுக்குப் பேரன் பிறந்து தொட்டிலில் போட்டபோதும் போகவில்லை. "மறந்து தொலைச்சா மன்னிச்சிடலாம். மறக்கலையே, நான் என்ன செய்ய?" என்பாள். மனசில் ஒன்றை வைத்துக் கறுவிக்கொண்டிருப்பது சிலருக்கு உடம்பைக் கெடுக்கும். இவளுக்கு அதில்தான் முகமே தெளியும்.

அன்னாசித் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடொன்றில், பிறந்தவள். பதினேழு வயதில் பழத்தை டின்னில் அடைக்கும் ஆலைக்குப் போனாள். அன்னாசிச் சாறு கையுறைக்குள் இறங்கி விரல் தோலை அரித்துத் தின்றுவிடும். ஐந்து வருஷம் அதோடு மல்லுக்கட்டினாள். அப்புறம் செனாயில் ஒரு மின்பொருள் ஆலையில் பரிசோதனைப் பிரிவில் இடம் கிடைத்தது. இருபத்திரண்டு வருஷமாக அங்கேதான். பெல்ட்டில் நகர்ந்துவரும் ஆயிரக்கணக்கான சில்லுகளில் மயிரிழை கோணலாக இருப்பதைப் பார்த்துத் தனியே எடுத்துப் போடவேண்டும். நேரே இருப்பது அவள் கண்ணில் படாது, கோணல்தான் படும். மனுஷரிடமும் அப்படித்தான்.

புருஷன் காளிதாஸ் அன்னாசி லாரி ஓட்டுகிறவர். அவருக்குக் கோபமே வராது. வீட்டுக்கு வேண்டிய கோபம் மொத்தத்தையும் இவளே பார்த்துக்கொண்டதால் அவருக்கு அந்த வேலையே இல்லாமல் போயிற்று. ஒரே மகள் பிரவீனா சிங்கப்பூரில் வேலை பார்த்தாள், விடுமுறைக்கு வருவாள். ஊருக்கு வெளியே பழைய தோட்டத்து எல்லையில் முனியாண்டி கோயில் இருக்கிறது. திருவிழா என்றால் காளிதாஸ் நாற்பத்தெட்டு நாள் விரதம் இருப்பார்; அன்றைக்கு அன்னதானத்துக்குச் சாம்பார் அண்டாவைக் கிண்டுவார். காவடி எடுத்ததில்லை, அலகு குத்தியதில்லை, ஒருநாளும் சாமி ஆடியதில்லை. இவர் கிண்டினால் சாம்பார் அடி பிடிக்காது என்பதுதான் கோயிலில் அவருக்கு இருந்த பேர்.

போன வருஷம் சித்திரைத் திருவிழாவில், காலை பத்தேகாலுக்கு, கரண்டி அவர் கையிலிருந்து நழுவி அண்டாவுக்குள் விழுந்தது. எட்டி எடுக்கப் போனவர் சரிந்து உட்கார்ந்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. ஏதோ சொல்ல முயன்றார், வெறும் சத்தம்தான் வந்தது. பத்தடி தூரத்தில் உறுமி முழங்கிக்கொண்டிருந்தது, சாம்பிராணிப் புகையில் ஆள் முகம் தெரியவில்லை. விரதம் இருந்த உடம்பு, வெறும் மார்பு, நெற்றி நிறைய விபூதி. "காளிதாஸ் அண்ணனுக்குச் சாமி வந்துருச்சு" என்று யாரோ ஒருத்தி சொன்னாள். அவ்வளவுதான், கூட்டம் சூழ்ந்துகொண்டது.

வேறு எங்கே விழுந்திருந்தாலும், ஒரு பெட்ரோல் நிலையத்தில் விழுந்திருந்தால்கூட, யாராவது ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருப்பார்கள். கோயிலில் விழுந்ததால் கும்பிட்டார்கள்.

பேச்சியம்மாளும் கும்பிட்டாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. முதல் பத்து நிமிஷம் கன்னத்தில் போட்டுக்கொண்டு, இத்தனை வருஷம் கழித்து நம் வீட்டு மனுஷன்மேல் முனியாண்டி இறங்கினாரே என்று கண் கலங்கி நின்றாள். அப்புறம்தான் அவருடைய வலது கை அவள் கண்ணில் பட்டது. உடம்பெல்லாம் அசைகிறது, அந்தக் கை மட்டும் தொங்குகிறது. கூட்டத்தை இடித்துக்கொண்டு கோயில் தலைவர் அர்ச்சுனனிடம் போனாள்.

தலைவர் என்று மரியாதையாகவே சொல்லலாம்தான். ஆனால் பேச்சியம்மாள் பக்கம் உட்கார்ந்து கதை சொல்லும்போது 'அவன்' என்றுதான் வாயில் வருகிறது. தொழிற்சாலைகளுக்குப் பேருந்து ஓட்டும் குத்தகைக்காரன். பன்னிரண்டு வருஷமாகத் தலைவர் நாற்காலியை விடாதவன்.

"அண்ணே, அவரு கையில உசுரே இல்லண்ணே. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போலாம்" என்றாள்.

"சாமி மலையேறாம ஆளத் தூக்கக் கூடாது தங்கச்சி. குடும்பத்துக்கு ஆகாது."

"இது சாமி மாதிரி தெரியலண்ணே."

"உனக்குத் தெரியுமா எனக்குத் தெரியுமா? முப்பது வருஷமா இந்தக் கோயில்ல நிக்கிறேன் லா."

அடுத்த மாதம் நிர்வாகத் தேர்தல். செயலாளர் யுகேந்திரன் இளவட்டங்களைச் சேர்த்துக்கொண்டு எதிர்த்து நிற்பதாகப் பேச்சு. அர்ச்சுனன் காளிதாஸின் முன்னால் மண்டி போட்டு, ஒலிபெருக்கியிலேயே கேட்டான்: "அப்பா, வர்ற தேர்தல்ல உன் உத்தரவு என்ன?" காளிதாஸ் தன் செத்த வலது கையை இடது கையால் தூக்கிக் காட்டினார். இதைப் பாருங்கள், இது என் கையே இல்லை என்று அந்த மனுஷன் காட்டினார். பாதி தூக்கியதும் பிடி நழுவி அந்தக் கை அர்ச்சுனன் தலைமேல் விழுந்தது. கூட்டம் அரோகரா போட்டது. அதை யாரோ படம் எடுத்தார்கள்.

எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து காளிதாஸின் வாயில் ஊற்றினார்கள். விழுங்கத் தெரியாமல் இருமினார். சாமி உறுமுகிறது என்றார்கள். பேச்சியம்மாள் கத்தினாள். இரண்டு பெண்கள் அவளைத் தோளோடு பிடித்து அமுக்கினார்கள், இவளுக்கும் வரப்போகிறது என்று. மதியம் இரண்டரைக்கு அவருக்கு வேட்டியிலேயே சிறுநீர் போயிற்று. முனியாண்டி வேட்டியை நனைக்கமாட்டார் என்பது அப்போதுதான் ஊருக்கு உறைத்தது. ஒருவர் ஒருவராக விலகினார்கள். காரில் ஏற்றி, ஸ்கூடாய் நெரிசலில் ஊர்ந்து, ஜொகூர் பாருவில் பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்போது மணி நாலு.

அங்கே டாக்டர் ஷிரீன் என்று ஒரு தமிழ்ப் பெண் இருந்தார். முதல் கேள்வியே அதுதான்: "கடைசியா இவரு நல்லா இருந்தது எத்தனை மணிக்கு?"

பேச்சியம்மாள் சொன்னாள். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்த விதத்திலேயே இவளுக்குத் தெரிந்துவிட்டது.

மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் கட்டி அடைத்திருக்கிறது என்று ஸ்கேனில் தெரிந்தது. அந்தக் கட்டியைக் கரைக்க ஊசி இருக்கிறது. ஆரம்பித்து நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டும்; அதுவும் சீக்கிரம் போடப் போடத்தான் பலன். அதைத் தாண்டிப் போட்டால் கட்டி கரைவதைவிட மூளைக்குள் ரத்தம் கசிகிற ஆபத்துதான் அதிகம். இவருக்கு ஐந்தே முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. ஊற்றிய எலுமிச்சைச் சாறு நுரையீரலுக்குள் போய்ச் சளி கட்டியிருந்தது.

"முகம் கோணுதா, ரெண்டு கையும் ஒண்ணா தூக்க முடியுதா, பேச்சு குழறுதான்னு பாருங்க. இதுல ஒண்ணு இருந்தாலும் உடனே ஆம்புலன்ஸுக்கு, ஒன்பது ஒன்பது ஒன்பதுக்கு, அடிச்சிடணும். வாயில தண்ணிகூட ஊத்தக் கூடாது" என்றார் டாக்டர். "குறைஞ்சது ஒண்ணேகால் மணி நேரம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா முயற்சி பண்ணியிருக்கலாம்க்கா."

அந்த ஒண்ணேகால் மணி நேரத்தை அர்ச்சுனன் தின்றுவிட்டான் என்று பேச்சியம்மாள் முடிவுகட்டினாள். மருத்துவமனை வராந்தாவில் நின்று அழவில்லை. அவன் நாசமாய்ப் போகவேண்டும் என்று சத்தமாகவே சொன்னாள். பக்கத்தில் நின்ற சீனப் பெரியவர் புரியாமல் தலையாட்டினார்.

காளிதாஸ் பிழைத்தார். பிழைத்தார் என்று எல்லாரும் சொன்னார்கள். வலது பக்கம் போயிற்று, பேச்சு போயிற்று. ஊட்டிவிடவேண்டும், குளிப்பாட்டிவிடவேண்டும். லாரி ஏணியில் ஒரே தாவாகத் தாவி ஏறுகிற மனுஷன், சக்கர நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தார். அடுத்த மாதம் அர்ச்சுனன் மறுபடி தலைவரானான். காளிதாஸின் கை அவன் தலைமேல் இருக்கிற படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கோயில் மண்டபத்தில் மாட்டினான். அதைக் கேள்விப்பட்ட அன்றைக்குப் பேச்சியம்மாள் அவன் வீட்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்தாள். வயிறு எரிந்ததே தவிர ஆறவில்லை.

அப்புறம்தான் அவளுக்கு ஒரு வழி தோன்றியது. அர்ச்சுனன் எங்கே போகிறானோ அங்கே காளிதாஸைக் கொண்டுபோய் நிறுத்துவது.

ஒரு வார்த்தை பேசமாட்டாள். கல்யாண மண்டபத்தில் அவன் முன்வரிசையில் உட்கார்ந்தால் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து அவனுக்கு எதிரே பிரேக் போடுவாள். கோயில் கூட்டத்தில் மேசைக்கு நேர் முன்னே. சாவு வீட்டில் பிணத்துக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் இவர்கள். அவன் தேநீர்க் கடையில் ரொட்டியைப் பிய்க்கும்போது எதிர் மேசையில் காளிதாஸுக்குக் கஞ்சி ஊட்டுவாள், நிதானமாக, வாயைத் துடைத்துத் துடைத்து. அவன் பாதியிலேயே எழுந்துபோவான். அதைப் பார்த்தால் அன்றைக்கு ராத்திரி அவளுக்குத் தூக்கம் வரும். காளிதாஸ் இதை விரும்பினாரா என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் சொல்ல அவருக்கு வாயும் இல்லை. அதில் கொஞ்சம் அநியாயம் இருப்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை.

அர்ச்சுனனின் மனைவி செல்வராணி ஒருநாள் சந்தையில் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள். "போதும் பேச்சி. அவரு சரியா சாப்பிடுறதில்ல. பிரஷர் ஏறிக் கெடக்கு. மாத்திரையும் ஒழுங்கா போடுறதில்ல" என்றாள்.

"ஏறட்டும்" என்றாள் பேச்சியம்மாள். செல்வராணி கையை எடுத்துக்கொண்டாள்.

இந்த வருஷத் திருவிழாவுக்கும் காளிதாஸைக் கொண்டுபோனாள். பிரவீனா விடுமுறையில் வந்திருந்தாள், வேண்டாம் அம்மா என்று சொல்லிப் பார்த்தாள், அப்புறம் அவளே நாற்காலியைத் தள்ளினாள். வழக்கம்போல அர்ச்சுனன் நிற்கிற மேடைக்கு நேரே நிறுத்தினார்கள். நல்ல வெயில். பட்டு வேட்டி, பெரிய மாலை, இடது கையில் ஒலிவாங்கி. பால்குடக்காரர்கள் வரிசையாக வரவேண்டும் என்று விரட்டிக்கொண்டிருந்தான். பேச்சியம்மாள் கண்ணை எடுக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். திருவிழாவுக்கு வந்த ஆயிரம் பேரும் சாமியைப் பார்க்க வந்தவர்கள். இவள் ஒருத்திதான் அவனைப் பார்க்க வந்தவள்.

அதனால்தான் அவளுக்கு மட்டும் தெரிந்தது. ஒலிவாங்கி அவன் கையிலிருந்து மெதுவாக இறங்கியது. விழவில்லை, விரல் தானாகத் தளர்ந்து, மாலையில் சாய்ந்தபடி வயிறு வரைக்கும் வழுக்கிக்கொண்டு வந்தது. அவன் குனிந்து, வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல அந்தக் கையைப் பார்த்தான். வலது கையால் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டு மறுபடி பேசினான். 'பால்குடம்' என்ற சொல் வழவழவென்று வந்தது. இடது பக்கத்து உதடு ஒட்டாமல் தொங்கியது. ஒலிபெருக்கி இரைச்சலில் யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை.

பேச்சியம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பத்து பத்து.

வாயைத் திறந்தால் போதும். திறக்கவில்லை. நெஞ்சு படபடத்தது, பயத்தில் இல்லை. வருஷம் பூராவும் மண்ணைத் தூற்றியும் முறைத்தும் கிடைக்காத ஒன்று தானாக வந்து மடியில் விழுந்திருக்கிறது. இவள் அவனைத் தொடக்கூட வேண்டாம். சும்மா நின்றால் போதும். நாலரை மணி நேரம். அதில் எவ்வளவு போனால் எவ்வளவு போகும் என்று இந்த ஊரிலேயே இவளுக்குத்தான் தெரியும். போ, போ என்று மனசுக்குள் கடிகாரத்தைத் துரத்தினாள்.

பத்தரைக்கு அவன் மேடைப் படியில் கால் இடறி உட்கார்ந்தான். இடது கால் மடங்கிக்கொண்டது. உறுமிக்காரர்கள் ஓடிவந்து சூழ்ந்து இன்னும் வேகமாக அடித்தார்கள். "தலைவருக்குச் சாமி வந்துருச்சு." பெண்கள் குலவை போட்டார்கள். செல்வராணி கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதாள். பேச்சியம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிரவீனா தண்ணீர் வாங்கப் போயிருந்தாள், நல்லவேளை. காளிதாஸ் இடது கையால் நாற்காலியின் பிடியைத் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார். பேச்சியம்மாள் அவர் கையைப் பிடித்து மடியில் அமுக்கி வைத்தாள்.

அப்போது யுகேந்திரன் முன்னால் வந்தான். போன தேர்தலில் ஒரு செத்த கையால் தோற்றவன். விட்டுவிடுவானா? அர்ச்சுனன் முன்னால் அடக்கமாக மண்டி போட்டு ஒலிவாங்கியை எடுத்தான். "அப்பா முனியாண்டி, கோயிலை இனிமே இளைய தலைமுறைகிட்ட ஒப்படைக்கலாமா? உத்தரவு குடுங்க." அர்ச்சுனன் குழறினான். "குடுத்துட்டாரு" என்று யுகேந்திரனின் ஆட்கள் கை தட்டினார்கள். இன்னொருத்தன் எலுமிச்சம்பழத்தை அறுக்கக் கத்தியைத் தேடினான். கூடியிருந்த ஒருவருக்கும் போன வருஷத்து ஞாபகம் வரவில்லை. மண்டபச் சுவரில் படம் தொங்குகிறது, வரவில்லை.

அர்ச்சுனன் சாமி ஆடவில்லை என்று, வாயில்லாத காளிதாஸை விட்டால், அந்தக் கூட்டத்தில் இரண்டு பேருக்குத் தெரிந்திருந்தது. ஒன்று அவன். அவன் கண் ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டு வந்தது. மனைவி கும்பிடுகிறாள், தம்பிமார் கும்பிடுகிறார்கள். நிற்கிறவர்களில் கும்பிடாத ஒரே முகம் பேச்சியம்மாளுடையது. அங்கே வந்து நின்றுவிட்டது. அவளுக்குத் தெரியும் என்று அவனுக்குத் தெரிந்தது. எத்தனை நேரமாகத் தெரியும் என்பதும் தெரிந்திருக்கும். அவன் அவளைத்தான் கூப்பிட்டான். சத்தமாக வந்தது, பேராக வரவில்லை.

போன வருஷம் காளிதாஸ் இப்படித்தான் தன்னைத் தேடியிருப்பார். அந்தப் பத்து நிமிஷமும் இவள் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். அது இப்போது வந்து குத்தியது. குத்திய ஆத்திரமும் அர்ச்சுனன்மேலேயே போயிற்று. எலுமிச்சம்பழத்தை அறுத்துவிட்டார்கள். பிழிய வாயருகே கொண்டுபோனபோது அவள் கால் தானாக நடந்தது. மணி பதினொன்று.

பழத்தை வைத்திருந்தவனின் கையைத் தட்டிவிட்டாள். உறுமியின்மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கினாள். சத்தம் நின்றது.

"வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க. இது சாமி இல்ல, ஸ்ட்ரோக்."

"சாமியப் போயி அப்படிச் சொல்லாதம்மா" என்றான் யுகேந்திரன்.

"சாமின்னா ரெண்டு கையையும் தூக்கச் சொல்லு."

அவளே அர்ச்சுனனின் எதிரே உட்கார்ந்தாள். ஒரு வருஷத்தில் அவனோடு பேசிய முதல் வார்த்தை அதுதான். "அண்ணே, ரெண்டு கையையும் தூக்குங்க. பல்லைக் காட்டிச் சிரிங்க." வலது கை எழுந்தது. இடது கை மடியிலேயே கிடந்தது. பாதி முகம் மட்டும் சிரித்தது, ஆயிரம் பேர் பார்க்க. செல்வராணி அலறினாள். பேச்சியம்மாள் கைப்பேசியில் ஒன்பது ஒன்பது ஒன்பதை அழுத்தி, ஆலையில் மேலதிகாரியிடம் பேசுகிற மலாயில், ஸ்த்ரோக், மூலுட் செங்கெட், தாங்ஙான் கிரி தா போலே அங்காட் என்று வாய் கோணலையும் தூக்க முடியாத இடது கையையும் நிதானமாகச் சொன்னாள்.

ஆம்புலன்ஸ் வேறொரு விபத்துக்குப் போயிருந்தது. வந்துசேர நாற்பது நிமிஷம். முதலில் கொண்டுபோன சின்ன மருத்துவமனையில் பார்த்துவிட்டு, ஸ்கேனுக்கு ஜொகூர் பாரு போங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஸ்கூடாயில் வழக்கமான நெரிசல், சைரன் போட்டும் கார்கள் விலக இடமில்லை. செல்வராணி வழி நெடுக பேச்சியம்மாளின் மணிக்கட்டை விடவில்லை. அவள்தான் இழுத்து வண்டியில் ஏற்றியிருந்தாள். "நீ இல்லாட்டி என் தாலி போயிருக்கும் பேச்சி. உனக்குச் செஞ்சதுக்கு நீ திரும்பிக்கூடப் பார்த்திருக்க வேணாம். நீ தெய்வம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பேச்சியம்மாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அந்தப் புகழ்ச்சியில் அவளுக்கு உடம்பு அரித்தது.

உள்ளே நுழையும்போது மணி ஒண்ணே முக்கால். அதே டாக்டர் ஷிரீன் தாளை வாங்கிப் பார்த்தார். "பதினொரு மணிக்கு ஆரம்பிச்சிருக்கு. அப்ப மூணரை வரைக்கும் நேரம் இருக்கு. ஸ்கேனுக்கு ரெண்டு பேர் காத்துக்கிட்டு இருக்காங்க. அவங்க முடிஞ்சதும் இவரை ஏத்திடலாம். ரெண்டே முக்காலுக்குள்ள ஆயிடும்" என்றார்.

"ஆமா டாக்டர், பதினொரு மணி" என்றாள் செல்வராணி. பத்தரைக்கு அவன் விழுந்தது அவள் கணக்கில் இன்னும் சாமிதான். "பேச்சிதான் கண்டுபிடிச்சது."

பேச்சியம்மாள் மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். பத்து பத்திலிருந்து நாலரை மணி நேரம் இரண்டு நாற்பதில் முடிகிறது. இவர்கள் ரெண்டே முக்கால் என்கிறார்கள். நேரம் தாண்டியது தெரியாமல் அந்த ஊசியைப் போட்டால் அவன் தலைக்குள் ரத்தம் கசியலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. நேரத்தைச் சொன்னது செல்வராணி. காப்பாற்றியவள் பேச்சியம்மாள் என்று ஆயிரம் பேர் சாட்சி. இன்னும் ஒரே ஒருதரம் சும்மா இருந்தால் போதும், கணக்குத் தீர்ந்துவிடும். மணிக்கட்டில் செல்வராணியின் பிடி சூடாக இருந்தது.

"பதினொண்ணு இல்ல, டாக்டர்" என்றாள். "பத்து பத்து."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "யார் பார்த்தது?"

"நான்தான். மைக்கு கையில நிக்கல. வாய் இழுத்துக்கிச்சு. மணியும் பார்த்தேன்."

"அப்ப பதினொண்ணுன்னு ஏன் எழுதியிருக்கு?"

"பதினொண்ணுக்குத்தான் நான் வாயைத் திறந்தேன்."

டாக்டர் வேறெதுவும் கேட்கவில்லை. அவருக்கு அந்த வீட்டு விவகாரம் வேண்டாம், நேரம்தான் வேண்டும். "இவரை முதல்ல கொண்டு போங்க" என்று குரல் கொடுத்தார். கட்டில் ஓடியது. செல்வராணியின் விரல்கள் மணிக்கட்டிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்றன.

வராந்தாவில் இருந்தது ஒரே ஒரு பெஞ்சு. வேறு இடம் இல்லாததால் இரண்டு பேரும் அதிலேயே உட்கார்ந்தார்கள், நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடைவெளி விட்டு. இரண்டு இருபதுக்கு ஊசி போட்டாயிற்று என்று ஒரு நர்ஸ் வந்து சொல்லிவிட்டுப் போனாள். பலன் தெரியக் காத்திருக்க வேண்டும் என்றாள். செல்வராணி நன்றி சொன்னாள், நர்ஸுக்கு. கோயிலில் கட்டிய மல்லிகைச் சரம் அவள் தலையிலிருந்து கழன்று தோளில் தொங்கியது. எடுத்துவிடத் தோன்றவில்லை.

மூன்றே கால் மணிக்கு அவள் வாயைத் திறந்தாள். திட்டுவாள், அடிப்பாள் என்று பேச்சியம்மாள் எதிர்பார்த்திருந்தாள். அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தாள்.

"அம்பது நிமிஷம்" என்றாள் செல்வராணி. "நிமிஷம் நிமிஷமா பார்த்துக்கிட்டு நின்னியா?"

"ஆமா."

"அம்பதுல ஏன் நிறுத்திட்ட? அது போதும்னு தோணுச்சா?"

பேச்சியம்மாள் அதை யோசித்துப் பார்த்தாள். வார்டுக்குள்ளே யாரோ இருமினார்கள். வீட்டில் இந்நேரம் பிரவீனா அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருப்பாள்.

"போதும்னு தோணல அண்ணி" என்றாள். "இப்பவும் தோணல."

செல்வராணி மெல்லத் தலையாட்டினாள். எழுந்து போவாள் என்று பேச்சியம்மாள் நினைத்தாள், போகவில்லை. கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்து நர்ஸ் அர்ச்சுனன் வீட்டார் யார் என்று கேட்டபோது, இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள்.